காயலான் கடைச் சாமான்களில் ஒரு காற்றாலை: மலாவி நாட்டுச் சிறுவன் வில்லியம் கம்குவம்பா குறித்த நிகழ்வு ஆய்வு

பதின்ம வயதினருக்கு மறுபயன்பாட்டைக் கற்பிக்கிறோம் என்று பள்ளிகளில் நடத்தப்படும் பயிற்சிகளின் விளைபொருள்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாதியாக வெட்டப்பட்ட தண்ணீர் பாட்டில் பூந்தொட்டியாகிறது. ஐஸ்கிரீம் குச்சிகள் பேனா தாங்கியாகின்றன. பழைய குறுந்தகடுகள் சுவர் அலங்காரமாகத் தொங்குகின்றன. கண்காட்சி முடிந்த அடுத்த வாரமே அவை குப்பைக்குத் திரும்பிவிடுகின்றன. இம்முறை பசையும் வண்ணமும் மினுக்குத் தாளும் ஒட்டிக்கொண்டிருப்பதால், காயலான் கடைக்காரர்கூட எடுத்துக்கொள்ளாத குப்பையாகத் திரும்புகின்றன. இத்தகைய வேலைகளில் கைத்திறன் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொருளைச் செய்தவனுக்கே அது தேவைப்படவில்லை என்பதுதான் குறை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வை இங்கே விரிவாகப் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டு, தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்திய 14 வயதுச் சிறுவன், உடைந்த மிதிவண்டி, டிராக்டர் விசிறி, குளியலறைக் குழாய், பாட்டில் மூடி ஆகியவற்றைக் கொண்டு தன் வீட்டுக்கு மின்சாரம் தரும் காற்றாலையை உருவாக்கினான். வில்லியம் கம்குவம்பா என்ற அவர் பின்னாளில் உலகறிந்தவரானார். அவருடைய கதை பல மொழிகளில் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் பெரும்பாலும் மன உறுதியின் கதையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நம் அக்கறை வேறு. எந்தப் பழைய பொருள், எந்தக் குணத்துக்காக, எந்தப் புதிய பொருளின் இடத்தில் அமர்ந்தது என்பதையே இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

ஊரும் காலமும்

வில்லியம் 1987 ஆகஸ்ட் 5 அன்று பிறந்தார். மலாவியின் நடுப்பகுதியில் உள்ள கசுங்கு மாவட்டத்தில், விம்பே என்னும் சிற்றூரை அடுத்த மசிதாலா கிராமத்தில் வளர்ந்தார். ஆறு சகோதரிகளுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. தந்தை மக்காச்சோளமும் புகையிலையும் பயிரிட்ட விவசாயி. 2001இல் மழை பொய்த்து விளைச்சல் வீழ்ந்ததையடுத்து, 2002இன் தொடக்கத்தில் நாடெங்கும் கடும் பஞ்சம் பரவியது. இன்சிமா என்பது அங்கே மக்காச்சோள மாவில் கிண்டப்படும் களி. அதுவே அன்றாட உணவு. வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் இரவில், ஆளுக்கு மூன்று வாய் களி மட்டுமே கிடைத்ததாக வில்லியம் பின்னர் ஒரு மாநாட்டு மேடையில் கூறியிருக்கிறார். மேல்நிலைப் பள்ளிக்கு அங்கே கட்டணம் உண்டு. பஞ்சத்தில் அதைக் கட்ட வழியில்லாமல், சேர்ந்த சில வாரங்களிலேயே அவர் வெளியேற நேர்ந்தது.

ஊரில் மின் இணைப்பு உள்ள வீடுகள் அரிது. பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்கு, அதன் புகை, இருமல். அல்லது எண்ணெய்க் காசை மிச்சப்படுத்த ஏழு மணிக்கே உறக்கம். நீர்ப்பாசனமும் இல்லாததால் ஆண்டுக்கு ஒரு விளைச்சலை மழையை நம்பி எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே காற்றாலையைத் தேடிப் போனபோது, தனக்கு என்ன வேண்டும் என்பதில் அந்தச் சிறுவனுக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை: இரவில் வெளிச்சம், வயலுக்குத் தண்ணீர்.

காற்றாலைக்கு முன்பே கை பழகியிருந்தது

இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் பலரும் தாண்டிச் சென்றுவிடும் பகுதி இது. மலாவியில் கம்பியாலும் கழிவுப் பொருளாலும் செய்யப்படும் விளையாட்டு வண்டிகளுக்கு ‘கலிமோட்டோ’ என்று பெயர். நம் ஊர்ப் பிள்ளைகள் நுங்குக் குரும்பையில் வண்டி செய்ததைப் போல, அங்குள்ள பிள்ளைகள் மக்காச்சோள பீர் விற்கப்படும் அட்டைப் பெட்டிகளை வண்டியின் உடலாகவும் பாட்டில் மூடிகளைச் சக்கரமாகவும் வைத்து லாரி செய்து ஓட்டுவார்கள். வில்லியமும் அப்படித்தான் வளர்ந்தார். சற்றுப் பெரியவரானதும் பெரியப்பா மகனுடன் சேர்ந்து பழைய வானொலிப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, கெட்டதைப் பழுதுபார்க்கவும் தொடங்கினார். பற்றவைப்புக் கோல் வாங்கக் காசில்லாததால் தடித்த கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஈயத்தை உருக்கினார்கள். புது பேட்டரி வாங்கவும் காசில்லாததால், பிறர் வீசிய செல்களைப் பொறுக்கி, அவற்றில் மிச்சமிருந்த சக்தியை ஒன்றாகக் கோத்து வானொலியை ஓட்டிப் பார்த்தார்கள்.

அதாவது, காயலான் கடைக்குள் நுழைந்தபோது அவர் வெறுங்கையுடன் நுழையவில்லை. வீசப்பட்ட செல்லில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும் என்பதும், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் மின்னழுத்தம் கூடும் என்பதும், வானொலியின் எந்த உறுப்பு கெட்டால் எந்த ஒலி மாறும் என்பதும் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. ஒரே நாள் பயிற்சி முகாமில் மாணவர் ஏதேனும் ‘கண்டுபிடித்துவிட வேண்டும்’ என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தச் சில ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நூலகத்தில் ஒரு படம்

படிப்பு நின்றபின் நண்பர்களைவிடப் பின்தங்கிவிடக் கூடாது என்று விம்பே தொடக்கப் பள்ளியின் சிறு நூலகத்துக்கு வில்லியம் போகத் தொடங்கினார். அங்கிருந்தவை அமெரிக்க உதவியில் வந்த நன்கொடை நூல்கள். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வரவில்லை. ஆகவே முதலில் படத்தைப் பார்ப்பது, படத்தின் எண்ணைக் கொண்டு அதைப் பற்றிய பத்தியைத் தேடுவது, அங்கே தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவது என்று தலைகீழான ஒரு வாசிப்பு முறையைக் கைக்கொண்டார். ஆற்றலைப் பற்றிய ஓர் அமெரிக்கப் பாடநூலின் அட்டையில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் படம் இருந்தது. காற்றாலை மின்சாரம் தரும், தண்ணீரும் இறைக்கும் என்று அந்நூல் கூறியது. அதை எப்படிக் கட்டுவது என்ற செய்முறை அதில் இல்லை.

செய்முறை இல்லாமல் போனது ஒரு வகையில் நல்லதாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. ‘இந்த அளவுத் தாங்கி, அந்த அளவு அச்சு’ என்று பட்டியல் கிடைத்திருந்தால், அவை கிடைக்காத ஊரில் வேலை அங்கேயே முடிந்திருக்கும். கொள்கை மட்டும் கையில் இருந்ததால், கிடைத்த பொருளைக் கொள்கைக்குப் பொருத்தும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. அவருடைய தாய்மொழியான சிச்சேவாவில் காற்றாலைக்குச் சொல்கூட இல்லை. ‘காற்று மின்சாரம்’ என்று பொருள்படும்படி ‘மகெட்சி அ ம்ஃபெப்போ’ என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

பொருளுக்குப் பொருள்

அவர் படித்து வந்த மேல்நிலைப் பள்ளிக்கு எதிரிலேயே கைவிடப்பட்ட வாகனங்களும் டிராக்டர்களும் துருப்பிடித்துக் கிடந்த ஒரு திடல் இருந்தது. சக மாணவர்கள் வகுப்பில் அமர்ந்திருக்க, அவர் எதிர்ப்புறத்தில் இரும்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஊரார் கஞ்சாப் பழக்கம் என்றார்கள். தாய் மகனின் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சினார்.

சுழலும் தலைக்கு அவர் தேர்ந்தது டிராக்டர் எஞ்சினின் குளிர்விப்பு விசிறி. அதன் இதழ்கள் காற்றாலைக்கு மிகவும் குட்டை. ஆனால் நடுவில் உறுதியான குடமும், சமச்சீராக அமைந்த இதழ்களும் இருந்தன. அவற்றின் மேல் நீண்ட இறக்கைகளைப் பொருத்திவிட்டால், கடினமான வேலையான சமநிலைப்படுத்தல் பாதி முடிந்துவிடுகிறது. விசிறியை அவர் இறக்கையாகப் பார்க்கவில்லை, இறக்கையைத் தாங்கும் இருக்கையாகப் பார்த்தார்.

இறக்கைக்கு மெல்லிய, நீளமான, துருப்பிடிக்காத தகடு வேண்டும். கிராமத்தில் அப்படி ஒரு பொருளும் கிடையாது. ஆனால் பெரியப்பா வீட்டுக் குளியலறையின் கழிவுநீர் பிவிசி குழாய் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயைத் தோண்டியெடுத்து, நெடுக்காக அறுத்து, நெருப்பில் வாட்டி இளகச் செய்து தட்டையாக்கினார். குழாய் என்று பெயர் பெற்ற பொருளைச் ‘சுருட்டி வைக்கப்பட்ட தகடு’ என்று படித்த அந்தக் கணமே இந்த நிகழ்வின் உச்சம் என்று நான் கருதுகிறேன். நாம் பொருள்களை அவற்றின் பெயரால் அறிகிறோம். வடிவம், கனம், வளைவு, காப்பு, கடத்தல் ஆகிய குணங்களால் அறிவதில்லை. மறுபயன்பாட்டின் அரிச்சுவடி அந்தப் பெயரை மறப்பதில் தொடங்குகிறது.

தகடு தளராமல் இருக்க மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். துளையிடும் கருவி இல்லாததால், மக்காச்சோளச் சக்கையில் ஓர் ஆணியைச் செருகிக் கைப்பிடியாக்கிக்கொண்டு, ஆணி முனையைத் தீயில் பழுக்கக் காய்ச்சிக் குழாய்த் தகட்டில் குத்தித் துளையிட்டார். போல்ட்டு முடுக்கும்போது தகடு கிழியாமலிருக்க வாஷர் தேவை. கடையில் வாங்கப் பணமில்லை. மதுக்கடை வாசலில் சிதறிக் கிடந்த பீர் பாட்டில் மூடிகளைப் பொறுக்கி, தட்டையாக்கி, நடுவே துளையிட்டு வாஷராக்கினார். சிறு வயதில் லாரிச் சக்கரமாகச் சுழன்ற அதே மூடிகள்தாம்.

அச்சுக்கு வாகனத்தின் ஷாக் அப்சார்பரிலிருந்து உருவிய எஃகுத் தண்டு. அதை மிதிவண்டியின் பெடல் பல்சக்கரத்தோடு பற்றவைக்க வேண்டியிருந்தது. வெல்டிங் பட்டறையில் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், லாரியில் மரம் ஏற்றும் வேலைக்குப் போய் அந்தப் பணத்தைச் சேர்த்தார். மிதிவண்டி, தந்தையுடையது. கைப்பிடியும் இல்லாமல், ஒரே சக்கரத்துடன் வீட்டில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. என்றைக்காவது சரிசெய்து ஓட்டலாம் என்று தந்தை எண்ணியிருந்த அதைக் கேட்டுப் பெறுவது, காயலான் சாமான் பொறுக்குவதைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

கடைசியாக டைனமோ. இதற்கு மட்டும் மாற்றுப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. மின்சாரத்தை உண்டாக்கும் உறுப்பை வேறெதையாவது வைத்துச் சமாளிக்க முடியாது. ஒரு நாள் சாலையில், டைனமோ பொருத்திய மிதிவண்டியுடன் ஒருவர் வர, வில்லியத்தின் நண்பரான ஊர்த்தலைவர் மகன் தன் சட்டைப்பையிலிருந்து 200 குவாச்சா (மலாவி நாணயம்) எடுத்துக் கொடுத்து அதை வாங்கித் தந்தார்.

மிதிவண்டி ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெரிய இறக்கை மெதுவாகத்தான் சுற்றும். டைனமோவோ வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரம் தரும். இடையே வேகத்தைப் பெருக்க ஒரு பொறி வேண்டும். மிதிவண்டி அதற்கென்றே பிறந்தது போன்றது. பெடலில் 44 பற்களும் பின்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டால், பெடல் ஒரு முறை சுற்றும்போது சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். சுமார் 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், இரண்டரை செ.மீ. விட்டமுள்ள டைனமோ உருளையை உரசும்போது மேலும் 28 மடங்கு கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 70 மடங்கு. இறக்கை நொடிக்கு ஒரு சுற்று சுற்றினாலே டைனமோ நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுற்றிவிடும். இரவில் மிதிவண்டி மிதித்து, சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்ததும் பெடல் கனப்பதைக் காலில் உணர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல; கால் இருந்த இடத்தில் காற்றை வைத்தார், அவ்வளவுதான்.

ஏற்றிய நாள்

தைல மரங்களை வெட்டி, ஏறத்தாழ 5 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தைப் பெரியப்பா மகனும் நண்பரும் வில்லியமும் சேர்ந்து எழுப்பினார்கள். கனமான இயந்திரத்தை மேலே இழுக்கத் தாயார் துணி உலர்த்தும் கொடிக்கம்பியே கயிறாயிற்று. சக்கரம் முன்கூட்டியே சுழன்றுவிடாதபடி ஒரு வளைந்த கம்பியைச் செருகிப் பூட்டியிருந்தார். கீழே கூட்டம் கூடிவிட்டது. நாணல் தண்டில் பொருத்திய சிறு பல்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பூட்டுக் கம்பியை உருவினார். இறக்கை மெல்ல அசைந்தது, வேகம் பிடித்தது, கோபுரம் ஆடியது. பல்பு முதலில் மினுக்கியது; பிறகு நின்று எரிந்தது.

2007இல் ஒரு மாநாட்டு மேடையில் அவரே சொன்ன அளவு 12 வாட். அதைக் கொண்டு நான்கு பல்புகளும் இரண்டு வானொலிகளும் இயங்கின. புத்தகத்தில் காற்றாலைக்கு மூன்று இறக்கைகள் இருந்தன, தன்னுடையதற்கு நான்கு என்று அவர் சொன்னபோது, ஏன் என்று கேட்கப்பட்டது. சக்தியைக் கூட்டுவதற்காக, சோதித்துப் பார்த்தே வைத்தேன் என்பது பதில். நூலை நம்பியவர், நூலோடு நின்றுவிடவில்லை.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் ஒரு விந்தை தெரியும். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் எட்டு அடி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்த வட்டத்தின் ஊடே ஏறத்தாழ 300 வாட் ஆற்றலைக் கொண்டுசெல்கிறது. கிடைத்ததோ 12 வாட். எந்தக் காற்றாலையும் காற்றின் ஆற்றலில் 59 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, இங்கே குறுக்கே நின்றது இறக்கை அல்ல, டைனமோ. மிதிவண்டி விளக்குக்காகச் செய்யப்பட்ட அந்தச் சிறு உறுப்பு அதன் அளவுக்கு மேல் தராது. காசு கொடுத்து வாங்கிய ஒரே பெரிய உறுப்பே எல்லையாகவும் அமைந்தது. குழாயும் மூடியும் தம் வேலையை மிகையாகவே செய்துவிட்டன.

வீட்டுக்குள் வந்த கம்பி

கோபுரத்தில் எரிந்த பல்பு வீட்டுக்குள் வர மேலும் சில வாரங்கள் ஆயின. காரணம், கம்பி இல்லை. கம்பி கிடைத்து, பின்னர் ஒரு கார் பேட்டரியும் சேர்ந்தபின், வேலை புதிய கட்டத்துக்கு நகர்ந்தது. சுவிட்சுகளைப் பழைய செருப்பின் ரப்பரையும் மிதிவண்டிக் கம்பித் துண்டுகளையும் வைத்துச் செய்தார். ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும், கம்பி கடத்தும். சுவிட்சு என்பதற்கு வேறென்ன வேண்டும்?

கூரை புல் வேய்ந்தது. உத்தரக் கட்டையைக் கரையான் அரித்துப் போயிருந்ததால் அது முறிந்து, அதில் ஓடிய கம்பிகள் சிக்கிக்கொண்ட ஒரு நிகழ்வு, தீ விபத்து எவ்வளவு அருகில் நின்றது என்பதைக் காட்டியது. அதன்பின் அவர் செய்த பொருளே இந்த முழு முயற்சியிலும் நுட்பமானது என்பேன். மின்மணியின் படத்தைப் புத்தகத்தில் பார்த்து, இரண்டு ஆணிகளில் செம்புக் கம்பியைச் சுற்றி மின்காந்தங்களாக்கி, நடுவே ஒரு காந்தத் துண்டை வைத்தார். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் ஆணிகளின் காந்த விசை கூடி, நடுவிலுள்ள துண்டை ஒருபுறம் தள்ளும், இணைப்பு அறுபடும். பேனாவுக்குள் இருக்கும் சுருள்வில்லுக்கும் அதில் இடமிருந்தது. விலைக்கு வாங்கும் கருவி எந்தக் கொள்கையில் இயங்குகிறதோ அதே கொள்கையில் இயங்கிய காப்புக் கருவி அது. ஆபத்து நேர்ந்தபின் பாதுகாப்பைச் சிந்தித்தார் என்பதைக் குறையாகச் சொல்லலாம். பெரிய தொழிற்சாலைகளும் அப்படித்தான் கற்கின்றன.

காற்றாலையும் அப்படியே நின்றுவிடவில்லை. பலத்த காற்றில் சங்கிலி அடிக்கடி கழன்றது. ஒவ்வொரு முறையும் கோபுரத்தில் ஏறி மாட்ட வேண்டியிருந்தது. சங்கிலியின் இடத்தில் கப்பியும் பட்டையும் வந்தன. மரங்கள் காற்றை மறைத்ததால், பின்னாளில் ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் எழுந்தது. கைபேசியில் மின்னேற்றம் செய்துகொள்ள ஊரார் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். ஒரு காலத்தில் பைத்தியம் என்றவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

எல்லாமே குப்பையிலிருந்து வரவில்லை

இந்த நிகழ்வைச் ‘செலவே இல்லாத அறிவியல்’ என்று காட்டுவது பொய்யாகும். வெல்டிங்குக்குக் கூலி கொடுக்கப்பட்டது. டைனமோ நண்பரின் பணம். மிதிவண்டி தந்தை விட்டுக்கொடுத்தது. கோபுரத்தை எழுப்பியவை மூன்று பேரின் கைகள். நூலகத்தை நிரப்பியது எங்கோ ஒரு நாட்டின் நன்கொடை. இவற்றுக்கெல்லாம் மேலாக, பள்ளி மூடிய கதவால் கிடைத்த நேரம்; அதை விரும்பத்தக்க ஏற்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. பழைய பொருள்கள் ஒரு கருவியின் பத்தில் ஒன்பது பகுதியை நிரப்பலாம். மீதமுள்ள ஒரு பகுதியை யாரேனும் காசாகவோ உழைப்பாகவோ கொடுத்தால்தான் அந்த ஒன்பதும் உயிர்பெறும். பள்ளிகளில் இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர் நூறு பாட்டில்களைச் சேகரிப்பதைவிட, நான்கு நல்ல டைனமோக்களை வாங்கி வைப்பது பயன்தரும்.

தோல்விகளும் உண்டு. எரிவாயு தயாரிக்கிறேன் என்று ஆட்டுப் புழுக்கையைத் தாயாரின் சமையல் பானையிலேயே போட்டு மூடிக் காய்ச்சினார். வாயு கிடைக்கவில்லை, பானைக்காக வாங்கிய திட்டு கிடைத்தது. காற்றாலைக்கும் எரிவாயுப் பானைக்கும் ஒரே கைகள், ஒரே ஆர்வம். பின்னதில் நேரம், வெப்பம், காற்றுப் புகாமை ஆகியவற்றின் கணக்கு தெரிந்திருக்கவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் திருத்தக்கூடிய இயந்திரத்தில் அவர் வென்றார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வேலையில் தோற்றார். பதின்ம வயதினருக்கு எந்த வகை வேலையை முதலில் கொடுக்கலாம் என்று தேடுபவர்களுக்கு இந்த வேறுபாடு உதவும்.

அப்படியே பின்பற்றக் கூடாதவை

பிவிசி குழாயை எரியும் நெருப்பில் காட்டக் கூடாது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் நச்சு வாயு வெளியேறும். பிவிசி ஏறத்தாழ 80 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்குவதால், கொதிநீரில் அமிழ்த்தி வளைத்தாலே போதும். உண்மையில் தட்டையாக்கவே தேவையில்லை. அகலமான குழாயை நெடுக்காக மூன்றாகப் பிளந்தால் கிடைக்கும் வளைவே காற்றைப் பிடிக்கும் நல்ல இறக்கை. பழைய கார் பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் இருப்பதால் அதை மாணவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. ஒரு பல்பையோ சிறு ஒளியுமிழ் விளக்கையோ நேரடியாக எரியவிடுவதே தொடக்கத்துக்குப் போதும். உயரமான கோபுரமும் வேண்டாம்; மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே காற்று தாராளமாக இருந்தாலும், கழன்று பறக்கும் இறக்கை தெருவில் விழும். தரையில் ஊன்றிய கம்பமும், சுற்றிலும் ஆள் நிற்காத இடமும் தேவை.

மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் வேலை பொருள் செய்வதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பத்துப் பொருள்களை எடுத்து, அவற்றின் பெயரை எழுதாமல் குணத்தை மட்டும் எழுதச் சொல்லலாம். ‘செருப்பு’ என்று எழுதக் கூடாது. ‘வெட்டலாம், வளையும், மின்சாரத்தைத் தடுக்கும், தண்ணீரில் மிதக்கும்’ என்று எழுத வேண்டும். அதன்பின் வீட்டிலோ பள்ளியிலோ உண்மையில் உள்ள ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும்: மூடாத கதவு, வடியாத தண்ணீர், வெளிச்சமில்லாத மாடிப்படி. பட்டியலும் குறையும் சந்திக்கும் இடத்தில்தான் வேலை பிறக்கும். சந்திக்காவிட்டால் அந்த வாரம் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். கண்காட்சித் தேதிக்காகப் பூந்தொட்டி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

கதையும் தண்ணீரும்

2006இல் நூலகத்தைப் பார்வையிட வந்த கல்வித் திட்ட அலுவலர்கள் இந்தக் காற்றாலையைப் பற்றிக் கேள்விப்பட்டுச் செய்தியாளர்களை அழைத்து வந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் மலாவியின் ‘டெய்லி டைம்ஸ்’ நாளிதழில் செய்தி வெளியானது. 2007இல் தான்சானியாவின் அருஷா நகரில் நடந்த ‘டெட்’ (TED) என்னும் உரை மாநாட்டு மேடையில் அவர் நின்றார். அதன்பின் நன்கொடையாளர்கள் உதவியால் படிப்பு தொடர்ந்தது. 2014இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார். 2009இல் தன்வரலாற்று நூலும் 2019இல் அதைத் தழுவிய திரைப்படமும் வெளிவந்தன.

திரைப்படத்தில் காற்றாலை பஞ்சத்தின் நடுவே தண்ணீரை இறைத்து வயலைக் காப்பாற்றுகிறது. உண்மையில் முதல் காற்றாலை எழுந்தபோது அந்தப் பஞ்சம் முடிந்திருந்தது. அது தந்தது வெளிச்சம், தண்ணீர் அல்ல. தண்ணீருக்காகவும் வில்லியம் முயன்றார். பிவிசி குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ரப்பர் அடைப்பிதழ் வைத்து, தாயாரின் தோட்டக் கிணற்றுக்கு ஒரு கைப்பம்பு செய்தார். தண்ணீர் வந்தது, ஆனால் உராய்வு மிகுதியால் தாயாராலும் சகோதரிகளாலும் அதை இழுக்க முடியவில்லை. அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கிடைத்தது, அருஷாவுக்குப் பின் நன்கொடைப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டி, சூரிய ஒளியில் இயங்கும் பம்பு வாங்கிப் பொருத்தியபோதுதான்.